கூட்டல் ஒன்று

யாராவது கண்ணை மூடிவிட்டார்களா என்று கேமரா கேட்டது. வாய் திறந்து கேட்கவில்லை, படம் எடுத்து முடித்ததும் பின்பக்கத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது, கடைசியில் கேள்விக்குறியோடு. ஆசீருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மாமியாரின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று சிரித்த மருமகன் என்று பாளையங்கோட்டை முழுக்கப் பேர் வாங்கிவிடுவோமோ என்ற பயத்தில் இருமுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம், ஒருவர் மூடிவிட்டார், நேற்றுக் காலை பத்தரை மணிக்கு, என்று இந்தச் சாதனத்துக்கு யார் போய்ச் சொல்வது. பந்தலுக்குக் கீழே இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். உள்ளே வெள்ளை சாட்டின் விரிப்பு, அதன் மேல் வெள்ளைச் சேலையில் ஜெயக்கனி அத்தை, கழுத்திலிருந்து கால்வரை சம்பங்கி மாலைகள். சுற்றிப் பதினாலு பேர் நின்றார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பமாக நின்று ஒரு போட்டோ எடுத்தாக வேண்டும், அது இந்தப் பக்கத்து வழக்கம். கல்யாணத்துக்கு முகம் காட்டாதவர்கள்கூட இந்தப் போட்டோவுக்கு வந்து நின்றுவிடுவார்கள். எடுத்தாயிற்று. ஆனால் திரையில் என்ன விழுந்திருக்கிறது? சேலையின் கரை தெரிகிறது, சம்பங்கி ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருக்கிறது, சாட்டினின் சுருக்கம்கூடத் தெரிகிறது. அத்தையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கருப்பாக ஒரு திட்டு. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான், திட்டும் பெரிதானது. நாலு மணிக்குப் பெட்டியை மூடுவார்கள். இப்போது மூன்று இருபது. பாஸ்டர் இன்னும் வரவில்லை, வந்து வீட்டு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கேமராவோடு குறுக்கே போக முடியாது. எப்போதும் வருகிற ஸ்டூடியோக்காரர் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டார், அதனால்தான் உள்ளங்கைக்குள் அடங்குகிற இந்தச் சின்னக் கேமராவுக்கும் அதை வைத்திருக்கிற ஆசீருக்கும் இன்றைக்கு இவ்வளவு மவுசு. காலையில் பியூலா அலமாரியிலிருந்த ஆல்பங்களை எல்லாம் தரையில் கொட்டி அம்மா படத்தைத் தேடினாள். பேப்பரில் போட வேண்டும், சட்டம் போட்டுத் தலைமாட்டில் வைக்க வேண்டும். பதினோரு படம் கிடைத்தது. கல்யாணப் படத்திலிருந்து ஆரம்பித்துப் பதினொன்றிலும் பளிச்சென்று ஒரு சேலை, அதற்கு மேலே ஒரு கருப்புத் திட்டு. வாக்காளர் அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் யாருக்குத்தான் முகம் இருக்கிறது. மாமா அந்தக் கல்யாணப் படத்தைக் காட்டி, "ஒன் பல்லு மட்டும் நல்லா விழுந்திருக்குட்டீ" என்று நாற்பது வருஷமாக ஒரே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார், வருகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தாள். ஆசீரும் சிரித்திருக்கிறான். இல்லை என்று இப்போது சொல்ல முடியுமா? பியூலா பதினோரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு அவனிடம் வந்து, "ஏங்க, மொகம் தெரியுத மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க. நாளைக்கி நம்ம புள்ளைக்கி ஆச்சி எப்பிடி இருந்தான்னு காட்டணும்லா" என்றாள். அழவில்லை. நேற்றிலிருந்து அவள் அழவேயில்லை. பியூலாவும் அம்மா நிறம்தான். எந்தக் குடும்பப் படத்திலும் பின்வரிசையில், உயரமான யாராவது ஒருத்தருடைய தோளுக்குப் பின்னால் பாதியாய்த்தான் நிற்பாள். அவளுக்குக் கூச்சம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஏன் இப்படி விழுகிறது? நியாயமான கேள்விதான், ஆனால் இந்த இடத்தில் இந்த நேரத்தில் இதையா யோசிப்பது என்று அவனுக்கே தன் மேல் எரிச்சல் வந்தது. எல்லோரும் அத்தையைப் பார்த்து அழுகிறார்கள், இவன் அத்தையின் மேல் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மின்வாரியத்தில் மீட்டர் பரிசோதிக்கிற வேலை, இருபது வருஷமாக முள் ஏன் அங்கே நிற்கிறது, ஏன் இங்கே நிற்கவில்லை என்று கேட்டுக் கேட்டே மண்டை அப்படி ஆகிவிட்டது. மறுபடி கேமராவைத் தூக்கினான். திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள் முளைத்தன. முகம் எது என்று கண்டுபிடித்துச் சதுரம் போடுகிற வித்தையை இதற்குள் வைத்திருக்கிறார்கள், வாங்கின புதிதில் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவன் இதைச் செய்து காட்டியிருக்கிறான். ஒரு சதுரம் மாமாவின் மேல், ஒன்று பெரியத்தை ரத்னபாயின் மேல், ஒன்று யாரோ ஒருவர் கையில் இருந்த கைக்குழந்தையின் மேல். அத்தையின் மேல் ஒன்றும் போய் உட்காரவில்லை. கேமராவை இறக்கி, ஏற்றி, சாய்த்துப் பார்த்தான். சதுரங்கள் அலைந்தன, அத்தையைத் தாண்டித் தாண்டிப் போயின. இறந்தது அதற்குத் தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது. பிறகு அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான், கண் மூடி மல்லாந்து படுத்திருக்கிற முகத்தை அதற்குத் தெரியாது, அவ்வளவுதான், அதற்கு மரணம் எல்லாம் தெரியாது. தூங்கினாலும் இப்படித்தான் தாண்டிப் போகும்.

இருட்டாக விழுகிறது என்றால் வெளிச்சம் கொடுக்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேலே இருந்த சக்கரத்தை ஆட்டோவிலிருந்து திருப்பி, ராத்திரியில் ஆளை எடுப்பதற்கென்று நிலாவும் தலையும் போட்ட இடத்தில் வைத்து அமுக்கினான். பளாரென்று பிளாஷ் அடித்தது. சாட்டின் அந்த வெளிச்சத்தை அப்படியே வாங்கித் திருப்பிக் கொடுத்தது. பெட்டியோரம் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். "என்ன மாப்ள, கல்யாண வீடா இது?" என்று பெரியத்தை கேட்டாள். அத்தையின் கூடப்பிறந்த அக்காள், அந்தக் குடும்பத்தின் சிவப்பு, எழுபத்திரண்டு வயதிலும் படம் எடுக்கிறார்கள் என்றால் முந்தானையைச் சரிசெய்துகொள்கிறவள். திரையைப் பார்த்தான். சாட்டின் சுண்ணாம்பு, முகம் கரி. முன்னைக்கு இது மோசம். பிளாஷை அடக்கிவிட்டுச் சக்கரத்தை அடுத்தடுத்துத் தள்ளினான். ஓடுகிற மனுஷன், பூ, வாணவேடிக்கை, அப்புறம் பனி. பனிமலைக்கு என்று தனியாக ஒரு இடம். திருநெல்வேலி ஜில்லாவில் எவன் பனியில் போய் நிற்கப் போகிறான், பங்குனி வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஊரில், என்று நினைத்துக்கொண்டே அதைத் தாண்டினான். தாண்டினவன் நின்றான். அது எதற்கு? பனிக்கென்று தனியாக ஒரு ஏற்பாடு ஏன் வேண்டும்? பூவுக்கு வேண்டும், கிட்டத்தில் எடுக்க. ஓடுகிறவனுக்கு வேண்டும், வேகமாக எடுக்க. பனி ஓடவும் இல்லை, கிட்டத்திலும் இல்லை. பனி என்றால் என்ன, குளிர். குளிர் கேமராவுக்கு என்ன செய்யும். இல்லை, குளிர் இல்லை. வெள்ளை. பார்க்கிற இடமெல்லாம் வெள்ளை. வெள்ளையாக இருந்தால் இதற்கு ஏதோ ஆகிறது, என்னமோ தப்பாக நினைத்துக்கொள்கிறது, அதனால்தான் பனிக்கென்று தனியாகச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். என்ன தப்பு? பெட்டிக்குள் பார்த்தான். சாட்டின், சேலை, சம்பங்கி. நம் ஊர்ப் பனி இதுதான்.

இதற்குள்ளேயும் ஒரு மீட்டர் இருக்கிறது, ஆசீர் அதை நினைத்ததும் சொந்தக்காரன் ஒருவனைக் கூட்டத்தில் கண்ட மாதிரி இருந்தது. மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் அதற்கு ஒரு நம்பிக்கையைப் புகட்டித்தான் அனுப்பியிருப்பார்கள், அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அது உலகத்தை அளக்கும். இந்த மீட்டருக்கு ஜெயக்கனி அத்தையும் தெரியாது, சாட்டினும் தெரியாது. எதிரே இருப்பதையெல்லாம் ஒன்றாகக் கலந்தால் சாம்பல்தான் வர வேண்டும் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. வெள்ளைச் சேலையைக் காட்டினால் வெள்ளைச் சேலை என்று நினைக்காது, ஐயோ இவ்வளவு வெளிச்சமா என்று பதறிக் கதவைச் சாத்தும், சேலை சாம்பலுக்கு வருகிறவரை சாத்தும். சேலைக்கு நடுவில் இருக்கிற முகம் என்ன ஆகும்? சேலைக்காகச் சாத்தின கதவில் முகம் மாட்டிக்கொள்ளும். கருப்பான முகம் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படியென்றால் கல்யாணப் படத்தில் வெள்ளைப் பட்டுச் சேலை, வெள்ளை வலைத்துணி முக்காடு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் சேலைகள், எல்லாம் வெள்ளை. கிறிஸ்துமஸ் படம் எல்லாம் வாசல் படியில், புதுசாய் அடித்த வெள்ளைச் சுவருக்கு முன்னால். அத்தை கருப்பாக இருந்ததால் கருப்பாக விழவில்லை, சுற்றிலும் எல்லாம் அவ்வளவு வெள்ளையாக இருந்ததால் கருப்பாக விழுந்தாள். நாற்பது வருஷமாய்ச் சிரித்தோமே. ஆனால் அந்த நினைப்பு முடிவதற்குள்ளேயே, சரி, அப்போது இதை எப்படித் திருத்துவது, என்று கேள்வி அடுத்த படிக்குப் போய்விட்டது, அதை அவனால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

திருத்துவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அவனுக்குத் தெரியும். பாதி கருப்பு பாதி வெள்ளையாய் ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு கூட்டல், ஒரு கழித்தல். வாங்கி நாலு வருஷத்தில் அவன் அதைத் தொட்டதே இல்லை. வெள்ளை அதிகம், அப்படியென்றால் கழிக்க வேண்டும் என்று விரல் கழித்தலுக்குப் போனது. இல்லை, நில், நில். கழிக்கிற வேலையைத்தான் அது ஏற்கெனவே செய்து தொலைத்திருக்கிறதே, அதனால்தானே இருட்டு. வெள்ளையைக் கண்டால் கூட்ட வேண்டும். என்ன தலைகீழ்க் கணக்கு இது, பளபளவென்று இருக்கிற இடத்தில் போய் இன்னும் வெளிச்சத்தைக் கூட்டுவதா? ஆமாம், கூட்டத்தான் வேண்டும், வெள்ளை வெள்ளையாக இருக்கட்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலைப் பற்றி யாரோ அவனிடம் கேட்டிருக்கிறார்கள், யார், எங்கே, என்று கட்டைவிரல் அந்தரத்தில் நிற்க யோசித்தான், யோசித்ததும் வந்துவிட்டது, வந்திருக்க வேண்டாம் என்று இருந்தது. அத்தைதான். போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ். அதற்கும் முந்தின கிறிஸ்துமஸில் அவன் எடுத்த குடும்பப் படத்தைத் திரையில் பார்த்துவிட்டு அத்தை, "சேலை நல்லா விழுந்திருக்கு மாப்பிள்ள" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதனால் அடுத்த வருஷம், "நீங்க எல்லாரும் நில்லுங்க, நா எடுக்கேன்" என்று கேமராவை அவன் கையிலிருந்து வாங்கினாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தைக்கூட விரித்து வாசிக்கிறவள் அவள், சும்மா அமுக்கிவிட்டுத் தருவாளா. "இந்தக் கூட்டல் கழித்தல் எதுக்கு மாப்பிள்ள?" என்றாள். அவனுக்குத் தெரியாது. தெரியாது அத்தை என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் மரியாதை போய்விடுமா. "அதெல்லாம் போட்டோகிராபருக்கு அத்தை, நமக்குத் தேவையில்ல. ஆட்டோவுல வச்சு அமுக்குங்க, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிடும்." அத்தை தலையாட்டினாள். "அதுவே பாத்துக்கிடுமா" என்றாள். அதில் கேலி இருந்ததா என்று அன்றைக்குத் தோன்றவில்லை, இன்றைக்குத் தோன்றுகிறது. கிளம்பும்போது கேமராவை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தான், ஈஸ்டருக்குப் போய்த்தான் எடுத்துவந்தான்.

கூட்டல் பொத்தானை அமுக்கினான், ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினான். திரையில் அந்தக் கட்டம் மங்கலாகத் தெரிந்தது, நகரவில்லை. பனியிலேயே நிற்கிறதோ என்று சக்கரத்தைப் பார்த்தான், யோசனையில் அவனே மறுபடி ஆட்டோவுக்குத் தள்ளி வைத்திருந்தான். ஆட்டோவில் இருக்கிறவரை நீ சொல்வதைக் கேட்க மாட்டேன் என்கிறது, எல்லாம் தனக்கே தெரியும் என்று இருக்கிறவனிடம் எதைப் போய்ச் சொல்ல. அந்த எண்ணம் எங்கே போய் முடிகிறது என்று தெரிந்ததால் அதை அங்கேயே விட்டான். தெருமுனையில் வண்டி ஒன்று நின்றது. "பாஸ்டர் வந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள், நாற்காலிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. சக்கரத்தில் ஆட்டோவுக்குப் பக்கத்தில் பி என்று ஓர் எழுத்து இருந்தது. இதுவரை அந்த எழுத்தில் அவன் வைத்ததே இல்லை. வைத்தான். திரையின் கீழே ஒரு கோடு வந்தது, நடுவில் பூஜ்யம், இந்தப் பக்கம் கழித்தல், அந்தப் பக்கம் கூட்டல். குறிமுள் பூஜ்யத்தில் இல்லை. கூட்டல் ஒன்றில் நின்றது.

அவன் அமுக்கியதில் நகர்ந்ததோ என்று முதலில் நினைத்தான். இல்லை, ஆட்டோவில்தான் அது கேட்கவே இல்லையே. கடையிலிருந்து வரும்போதே இப்படி வந்திருக்குமா? அப்படி எந்தக் கம்பெனியும் அனுப்பாது, எந்த மீட்டரும் பூஜ்யத்தில்தான் கைக்கு வரும். இந்தக் கேமராவைத் தொட்ட கைகள் நாலே நாலு, அவனுடையது இரண்டு. அப்போது போன கிறிஸ்துமஸ் படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அத்தைதான் எடுத்தாள், அதே வாசல் படி, அதே வெள்ளைச் சுவர், எல்லோர் முகமும் அவ்வளவு தெளிவு. மாமாவின் கன்னத்து மரு தெரிந்தது, பின்வரிசையில் பாதியாய் நின்ற பியூலாவின் பாதி முகம் தெரிந்தது. எல்லோரும் கேமராவைப் புகழ்ந்தார்கள். அவனும்தான், நல்ல கம்பெனி என்றான். அத்தை சிரித்துக்கொண்டே கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள், சக்கரத்தை ஆட்டோவில் வைத்து. இரவல் வாங்கின பாத்திரத்தைக்கூட வாங்கின மாதிரியே துலக்கிக் கொடுக்கிறவள். எப்படிக் கண்டுபிடித்தாள்? அந்த ஈஸ்டர் வரைக்குமான மூன்று மாதம், மாமா தூங்குகிற மத்தியானங்களில், எதை எடுத்துப் பார்த்திருப்பாள், கொடியில் காய்கிற வேட்டியையா, சுவரையா? கழித்தலில் ஆரம்பித்து இருட்டாகி, என்னடா இது என்று மறுபக்கம் போயிருப்பாளா, அவனைப்போல? ஈஸ்டருக்குக் கேமரா கைக்கு வந்தபோது படங்களின் எண் இருநூற்றுப் பதினாலிலிருந்து ஒரே தாவாக இருநூற்று ஐம்பத்தொன்றுக்குப் போயிருந்தது, ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டான். முப்பத்தாறு படம். எடுத்து, பார்த்து, அழித்திருக்கிறாள். எல்லாம் வேட்டியும் சுவருமாகவா இருந்திருக்கும்? ஒன்றிலாவது கையை நீட்டித் தன் முகத்தை எடுத்துப் பார்த்திருக்க மாட்டாளா? பார்த்திருந்தால் அதை ஏன் அழித்தாள்? யாரிடம் போய்க் கேட்பது. கேட்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அவளும் எதிரே படுத்திருக்கிறாள். ஆசீருக்குக் கண் நிறைந்து திரை கலங்கியது. நேற்றிலிருந்து வராத அழுகை, ஒரு கோட்டையும் முள்ளையும் பார்த்து வந்தது.

சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு பெட்டியின் பக்கவாட்டில் போய் நின்றான். முள்ளைத் தொடவில்லை. மூச்சை அடக்கி அமுக்கினான். சாட்டினின் சுருக்கங்கள் காணாமல் போயிருந்தன, மாலையில் பூ எது நார் எது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே வெள்ளையாய்க் கரைந்திருந்தது. நடுவில் அத்தை இருந்தாள். நெற்றியின் மேடு, இடது புருவத்தில் ஒரு வெட்டு, மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்தின தடம், ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி உதடு. கருப்புத்தான். நல்ல கருப்பு. முகம் முழுக்க முகம் இருந்தது. பியூலாவைக் கூப்பிட்டுக் காட்டினான், கூட்டல் பக்கம் தள்ளினால் வெளிச்சம் ஏறும் என்றும் சொன்னான். அவள் வெயில் படாமல் கையால் திரைக்கு நிழல் கட்டிப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த பெரியத்தை, "அட, நல்லாத்தான் விழுந்திருக்கா. மாப்ள, அந்தக் கூட்டல்ல இன்னும் ரெண்டு கோடு தள்ளுங்களேன், கொஞ்சம் செவப்பா வரட்டும். பேப்பர்ல வரப்போறது, நாலு பேர் பாப்பாங்கல்லா" என்றாள். பாசத்தில்தான் சொன்னாள். தள்ளலாம், தள்ளினால் வரும், இன்னும் இரண்டு கோட்டில் அத்தை பெரியத்தையாகவே ஆகிவிடுவாள். கட்டைவிரலுக்குக் கீழேதான் பொத்தான் இருக்கிறது. "மாட்டேன் பெரியத்தை" என்றான் ஆசீர். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "இது அத்தையே வச்ச அளவு. நான் வைக்கல. இதுக்கு மேல கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்." பெரியத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. பியூலா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "அம்மாவா?" என்றாள். அவன் தலையாட்டினான், மற்றதைச் சொல்ல நேரமில்லை, பாஸ்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பியூலா பெட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், நின்றிருந்தவர்களை விலக்கி முன்னால் வந்து குனிந்து, அம்மாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் தன் கன்னத்தை வைத்தாள். "அதே அளவுல என்னையும் சேத்து எடுங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவன் எடுத்தான்.